ஆட்டோ ஹேண்டில் வெட்டுது: போர்க்கை மாத்துறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?

வைகைக்கரை:

வணக்கம். வண்டி பயணிகள் ஆட்டோ, பெட்ரோல், பின்னால எஞ்சின், மூணு சக்கரத்துக்கும் 4.00-8 டயர். பிரச்சினை ஹேண்டில்ல.

35 கி.மீ. வேகம் தாண்டினதும் ஹேண்டில் நிலைச்சு நிக்கல. கிடுகிடுன்னு நடுங்கல, அது வேற. சின்னதா திருத்தினாலே சட்டுன்னு வெட்டுது, திருப்பிக் கொண்டுவந்தா எதிர்ப்பக்கம் கூடுதலாப் போயிடுது. நேர் ரோட்டுலயும் ஓயாம திருத்திக்கிட்டே ஓட்ட வேண்டியிருக்கு. காலியாப் போகும்போது மோசம். பின் சீட்டுல மூணு பேர் உட்கார்ந்தா கொஞ்சம் அடங்குது. இன்னொண்ணு, ஆக்சிலரேட்டரை விட்ட அந்த நொடி இடது பக்கம் லேசா இழுக்குது. பிரேக் பிடிச்சா நேராத்தான் நிக்குது.

முன் டயர் புதுசு. முன்னாடி நடுக்கம் இருந்ததுன்னு கோனை (ஹேண்டில் தண்டு திரும்புற பேரிங்கை) இறுக்கினாங்க. நடுக்கம் நின்னுச்சு, இந்த வெட்டு கூடிடுச்சு. இப்ப முழு போர்க்கையும் (முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற தண்டையும்) மாத்தணும்னு சொல்றாங்க. மாத்துறதுக்கு முன்னாடி வீட்டு வாசல்லயே என்னென்ன சோதிக்கலாம்?

நூல்மட்டம்:

போர்க்கை இப்போதைக்குத் தொடாதீங்க. நீங்க எழுதின அறிகுறிகள்லயே பாதி விடை இருக்கு.

ஆட்டோல "ஹேண்டில் சரியில்லை"ன்னு சொல்றது நாலு தனித்தனிக் கோளாறு. நடுக்கம்னா ஒரு குறிப்பிட்ட வேகத்துல ஹேண்டில் தானா ரெண்டு பக்கமும் ஆடும். பெரும்பாலும் கோன் லூஸ், ரிம் நெளிவு, டயர் சரியா உட்காராதது. இழுப்புன்னா எப்பவும் ஒரே பக்கம் போகும். காத்து, ஒரு பக்க பிரேக் பிடிச்சுக்கிட்டே இருக்கிறது, பின் சக்கரக் கோணம். அலைச்சல்னா வண்டி மெதுவா வழி மாறும், நாம திருத்தணும். கோன் ரொம்ப டைட்டா இருக்கும், இல்லேன்னா பின்பக்கம் லூஸா இருக்கும். நாலாவதுதான் வெட்டு: தொட்டதும் அளவுக்கு மேல திரும்புறது. போர்க்கோட சாய்வு குறைஞ்சாலும் இது வரும், இறுகின கோனாலயும் வரும்.

உங்களுக்கு மூணாவதும் நாலாவதும் கலந்திருக்கு. நடுக்கத்துக்குச் செஞ்ச வைத்தியம்தான் இதைக் கொண்டுவந்திருக்கு.

காரணத்தைச் சொல்லிடறேன். போர்க் தண்டு சாய்வா நிக்குது. அந்தச் சாய்வுக் கோட்டைத் தரை வரைக்கும் மனசுல நீட்டுங்க. அது தரையைத் தொடுற இடம், டயர் தரையைத் தொடுற இடத்துக்கு முன்னால விழும். அந்த இடைவெளிதான் சக்கரத்தைத் தானா நேராக்குது. கோனை அளவுக்கு மேல இறுக்கினா, உள்ளே வர்ற உராய்வு இந்த நேராக்குற விசையை அமுக்கிடும். சின்ன விலகலைச் சக்கரம் தானா சரி பண்ணாது. நீங்க தள்ளணும். உராய்வு விடுபடுற நொடியில ஹேண்டில் நீங்க நினைச்சதைவிட அதிகமாப் போகும். உடனே எதிர்ப்பக்கம் திருத்துவீங்க, அங்கயும் அதே கதை. இதே உராய்வுதான் நடுக்கத்தையும் அமுக்குது. அதனாலதான் "சரியாயிடுச்சு"ன்னு தோணுது.

காலியா இருக்கும்போது மோசம், ஆள் ஏறினா பரவாயில்லைங்கறதும் இதோட பொருந்துது. பின்பக்கம் அமுங்கினா போர்க் சாய்வு கூடும், நேராக்குற இடைவெளியும் கூடும். காலி வண்டியில அது குறைவு. பின்னால உயரமான ஸ்பிரிங் போட்டிருந்தாலோ, முன் ஸ்பிரிங் தளர்ந்து மூக்கு தாழ்ந்திருந்தாலோ இன்னும் குறையும். வீல்பேஸ் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு நடுவுல உள்ள தூரம்) 2000 மி.மீ. உள்ள வண்டியில பின்பக்கம் 40 மி.மீ. உயர்ந்தா சாய்வு ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல குறையும். தரையில அந்த இடைவெளி 4, 5 மி.மீ. போயிடும். சின்ன அளவு மாதிரித் தெரியும், கையில நல்லாவே தெரியும்.

ஆக்சிலரேட்டரை விட்டதும் வர்ற இழுப்பு முன்பக்க விஷயமே இல்லை. அதுக்குத் தனியா வர்றேன். முதல்ல கோனைப் பார்த்துட்டு எழுதுங்க.

கோன்செட்:

கோன் சோதனையை நான் சொல்றேன், ஏன்னா இதை முக்கால்வாசிப் பேர் வண்டி தரையில நிக்கும்போதே ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்து முடிச்சுடறாங்க. அதுல ஒண்ணுமே தெரியாது.

ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரம் ரெண்டுக்கும் முன்னாலயும் பின்னாலயும் கல் வைங்க. முன் தளத்துக்கு அடியில உறுதியான குறுக்குச் சட்டத்துல ஜாக்கி குடுங்க. தகட்டுல குடுத்தா தகடு உள்ளே போகும். சக்கரம் தரையை விட்டு நாலு விரல் உயர்ந்ததும் கட்டை அடுக்கி அதுமேல இறக்கிடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி கீழே கை விடாதீங்க.

இப்ப ஹேண்டிலை ஒரு விரலால கடைசி வரைக்கும் ரெண்டு பக்கமும் மெதுவா ஓட்டுங்க. எங்கயும் தடையில்லாம, ஒரே சீரா போகணும். நடுவுல வரும்போது ஒரு பள்ளத்துல விழுந்து நிக்கற மாதிரி இருந்தா ரேஸ்ல, அதாவது குண்டு ஓடுற பாதைல, குண்டுகள் குழி போட்டிருக்கு. நேரா ஓடும்போதுதான் ரோட்டு அடி முழுக்க அதே இடத்துல விழுது, அதனால குழி எப்பவும் நடுவுலதான் வரும். கோனை எப்படி வைச்சாலும் இந்தக் குழி போகாது. லூஸ் பண்ணினா நடுங்கும், இறுக்கினா வெட்டும்.

இன்னும் தெளிவா வேணும்னா காய்கறிக்காரங்க வைச்சிருக்கிற கொக்கித் தொங்குதராசை ஹேண்டில் நுனியில மாட்டி இழுங்க. இடம், வலம் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எடை காட்டணும். நடுவுல முள் தூக்கி அடிச்சா குழி உறுதி.

அடுத்தது ஆட்டம். சக்கரத்தோட அடிப்பாகத்தைப் பிடிச்சு முன்னும் பின்னும் தள்ளி இழுங்க. இன்னொருத்தர் மேல் கோன் கிட்ட விரல் வைச்சிருக்கட்டும். விரலுக்கு "டக்"ன்னு தெரிஞ்சா கோன் லூஸ். அங்க தெரியாம கீழே மட்டும் ஆடினா லிங்க் புஷ் (சக்கரத்தைத் தாங்குற கை போர்க்கோட சேர்ற இடத்துல இருக்கிற உறை), இல்லேன்னா சக்கர பேரிங். அந்த ரெண்டையும் பிரிக்க ஒருத்தரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க. பிரேக் பிடிச்சதும் ஆட்டம் மறைஞ்சா சக்கர பேரிங். பிடிச்ச பிறகும் ஆடினா லிங்க் புஷ். நம்ம வண்டில முன் சக்கரத்தை ஒரு பக்கக் கைதான் தாங்குது, அதனால அந்தப் புஷ்ல வர்ற சின்ன ஆட்டமும் சக்கரத்தைச் சாய்ச்சு விடும்.

வைகைக்கரை:

அண்ணே, பார்த்தாச்சு. ஹேண்டில் கனமாப் போகுது, விரலால போகல, கை வைச்சுத் தள்ள வேண்டியிருக்கு. நடுவுல பள்ளம் தெளிவாத் தெரியுது. தராசுல மத்த இடத்துல ஒரே அளவா இருக்கு, நடுவை விட்டு வெளியேறும்போது மட்டும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு காட்டுது. கீழே ஆட்டம் எதுவும் இல்லை.

கோன்செட்:

அப்ப கோன் செட் போச்சு. செட்டாத்தான் மாத்தணும், மேல் கிண்ணம், கீழ் கிண்ணம், ரெண்டு கோன், குண்டு எல்லாம். பழைய ரேஸ்ல புதுக் குண்டு போடறது காசுக்குக் கேடு. குழி அப்படியே இருக்கும், புதுக் குண்டு அதுல இன்னும் சீக்கிரம் உட்காரும்.

வேலைல கவனிக்க வேண்டியது இது:

பழைய கிண்ணத்தை உள்பக்கமிருந்து மாத்தி மாத்தி ரெண்டு பக்கமும் தட்டி இறக்குங்க. ஒரே பக்கம் தட்டினா குழாயோட உட்காரும் இடம் ஓவலாயிடும். அந்த இடத்தைத் துடைச்சு, பிசிறு இருந்தா எடுத்துட்டு, புதுக் கிண்ணத்துமேல பழைய கிண்ணத்தைக் கவிழ்த்து வைச்சு அதுமேல அடிங்க. சுத்தியல் நேரா குண்டு ஓடுற பாதைல படவே கூடாது. முழுசா உட்கார்ந்ததும் சத்தம் கெட்டியா மாறும், காதுல தெரியும்.

கிண்ணம் கையாலயே உள்ளே போயிட்டா நிறுத்துங்க. குழாயே தேஞ்சிருக்கு. நிறைய இடத்துல குழாய் உள்ளே புள்ளி குத்தி, கிண்ணத்தை டைட் பண்ணிக் குடுத்துடுவாங்க. கொஞ்ச நாள்ல கிண்ணம் சாஞ்சு அதே கோளாறு திரும்பி வரும். லேத்துல புஷ் போட்டுச் சரி பண்ணணும்.

கூண்டு இல்லாத தனிக் குண்டா இருந்தா, வட்டம் நிறைய அடுக்கி ஒரு குண்டுக்கான இடம் காலியா விடுங்க. கழட்டினப்ப எத்தனை இருந்ததுன்னு எண்ணி அதையே போடாதீங்க, முன்னாடியே ஒண்ணு ரெண்டு விழுந்து போயிருக்கலாம். லித்தியம் கிரீஸ் கிண்ணம் நிறைய வைங்க.

செட்டிங்: கொக்கி ஸ்பேனரால சரிசெய்யும் நட்டை ஆட்டம் போகற வரைக்கும் இறுக்குங்க. ஹேண்டிலைக் கடைசி வரைக்கும் ரெண்டு பக்கமும் பத்துத் தடவை ஓட்டுங்க, குண்டு உட்காரட்டும். மறுபடி லேசா இறுக்கி, எட்டுல ஒரு பங்கு சுத்து பின்னால விடுங்க. அந்த நட்டை அசையாமப் பிடிச்சுக்கிட்டு மேல் லாக் நட்டை இறுக்குங்க. லாக் இறுகும்போது கீழ்நட்டையும் கொஞ்சம் அமுக்கும். அதனால லாக் போட்ட பிறகு மறுபடி விரல் சோதனை பண்ணியே ஆகணும். நல்லா இருந்த செட்டிங் இந்த இடத்துலதான் கெடுது.

மெரினாஸ்டாண்டு:

கோன்செட் சொல்றது சரி, ஆனா புதுக் கோனைக் கொஞ்சம் டைட்டா வைக்கிறதுதான் வழக்கம். ஓட ஓட லூஸாகும். எட்டுல ஒரு பங்கு பின்னால விட்டா பத்து நாள்ல ஆட்டம் வந்துடும்.

இன்னொண்ணு, மோட்டார் சைக்கிளுக்கு வர்ற ஸ்டியரிங் டேம்பர் (ஹேண்டில் ஆட்டத்தை அடக்குற கருவி) ஒண்ணை மாட்டினா வெட்டு நடுக்கம் ரெண்டும் சேர்ந்தே போகாதா?

நூல்மட்டம்:

புதுக் கோன் கொஞ்சம் அமர்ந்து லூஸாகும், உண்மை. அதுக்கு வழி, சரியான அளவுல வைச்சு 500 கி.மீ.ல மறுபடி பார்க்கறது. டைட்டா வைச்சா அந்த 500 கி.மீ.யும் குண்டு நடுவுலயே அமுங்கி ஓடும், புதுக் குழி அப்பத்தான் ஆரம்பிக்கும். புதுக் கோன் சீக்கிரமே போறதுக்கு முக்கியமான காரணம் இதுதான், பொருள் மட்டம்னு நாம கடைக்காரரைத் திட்டறோம்.

டேம்பர் வேண்டாம். அது அறிகுறியைத்தான் மறைக்கும். நம்ம வண்டில அதைப் பிடிக்க ஒழுங்கான இடமும் கிடையாது. தகட்டுல துளை போட்டு மாட்டினா தகடுதான் கிழியும். எல்லாத்தையும் விட, லிங்க் புஷ்ஷோ கழுத்து வெல்டிங்கோ விட்டுக்கிட்டு வரும்போது கைக்குத் தெரிய வேண்டிய எச்சரிக்கையையும் அது விழுங்கிடும்.

யாழ்_கராஜ்:

இங்க யாழ்ப்பாணத்திலயும் இதே ஓட்டோதான், இதே முறைப்பாடுதான். முன்பக்கத்தைப் பற்றி எல்லாரும் எழுதிப்போட்டீங்கள், ரயரைப் பற்றி ஒருத்தரும் விரிவாச் சொல்லேல்லை. தம்பி முன் ரயர் புதுசு எண்டு எழுதியிருக்கிறார், அதால சொல்லுறன்.

ரயரின்ரை பக்கத்தில ரிம்முக்குக் கிட்ட மெல்லிய கோடு ஒண்டு வட்டமா ஓடும். அந்தக் கோட்டுக்கும் ரிம் விளிம்புக்கும் இடைவெளி சுத்திவர ஒரே அளவா இருக்கவேணும். ஒரு இடத்தில ஒளிச்சும் மற்ற இடத்தில வெளிய தெரிஞ்சும் இருந்தால் ரயர் சரியா இருக்கேல்லை. காத்தை இறக்கி, விளிம்பில சவர்க்காரத் தண்ணி பூசி, திரும்ப அடிக்கவேணும்.

சக்கரத்தைத் தூக்கி வைச்சு, ஒரு கம்பியை ரயருக்கு 2 மி.மீ. தள்ளி அசையாமல் நிப்பாட்டிச் சுத்துங்கோ. பக்கவாட்டிலயும் சரி, மேலயும் கீழயும் சரி, 3 மி.மீ.க்கு மேல அலைஞ்சால் ரிம்மைப் பாக்கவேணும். இந்த ரிம் ரெண்டு பாதியாப் பிரியுற ரிம். இடையில துருவோ மண்ணோ இருந்து பூட்டினால் வளையாத ரிம்மும் அலையும்.

இதிலை கவனம்: ரெண்டு வகை நட்டு இருக்கு. ஒரு வகை சக்கரத்தை டிரம்மோட பிடிக்கிறது, மற்றது ரிம்மின்ரை ரெண்டு பாதியையும் ஒண்டாப் பிடிக்கிறது. காத்து இருக்கேக்கை ரெண்டாவது வகையில கை வைச்சால் ரிம் வெடிச்சுப் பிரிஞ்சு ஆளை அடிக்கும். வால்வு ஊசியைக் கழட்டி முழுக் காத்தையும் இறக்கின பிறகுதான் அதில ஸ்பேனர் போடவேணும்.

காத்து அளவு வண்டிக் கையேட்டில என்ன இருக்கோ அதுதான். வண்டி ஓடாமல் ஆறியிருக்கேக்கை பாருங்கோ. முன்னுக்கு 40 பிஎஸ்ஐக்கு மேல அடிச்சுப்போட்டு ஓடுறவை கனபேர். ரயர் தரையில படுற இடம் சுருங்கி, கல்லு மண்ணெல்லாம் ஹேண்டிலுக்கு வரும். பின்னுக்கு ரெண்டும் ஒரே அளவா இருக்கவேணும். ஒண்டு 5 பிஎஸ்ஐ குறைஞ்சாலே காலி வண்டி ஆடும்.

கொங்கிறீட் றோட்டில நீளத்துக்குக் கோடு வெட்டியிருக்கிற இடத்தில மட்டும் வெட்டினால் அது வண்டிப் பிழை இல்லை. நேர்வரி வெட்டின முன் ரயர் அந்தக் கோட்டைப் பிடிச்சு ஓடுது. தார் றோட்டில ஓட்டிப் பாருங்கோ. அதேபோல இடப்பக்கம் மெதுவா ஒதுங்கிறதும் சாதாரணம். எங்கட றோட்டும் உங்கட றோட்டும் ஓரத்துக்குச் சரிஞ்சுதான் இருக்கு.

நூல்மட்டம்:

யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்ன டயர் சோதனையை முதல்ல முடிச்சுடுங்க, காசில்லாத வேலை.

இப்ப ஆக்சிலரேட்டரை விட்டதும் வர்ற இடது இழுப்பு. இடது பக்கம் இழுத்தா இடது புஷ்ஷைத்தான் மாத்துவாங்க. பெரும்பாலும் தப்பான பக்கம்.

பின் சக்கரம் ஒவ்வொண்ணும் ஒரு ஆர்ம்ல, அதாவது தாங்குற கைல, தொங்குது. ஆர்மோட கீல் வண்டிக்கு உள்பக்கம், சக்கரம் வெளிப்பக்கம். ஆக்சிலரேட்டரை விட்டா எஞ்சின் சக்கரத்தைப் பின்னால பிடிச்சு இழுக்கும். புஷ் தேஞ்சிருந்தா அந்த இழுப்புல சக்கரத்தோட முன் விளிம்பு வெளிப்பக்கம் திறக்கும். வலது சக்கரம் திறந்தா அது வலது பக்கம் பார்த்து உருளும். வண்டியோட வாலை வலது பக்கம் தள்ளும். வால் வலது போனா மூக்கு இடது போகும். அதனால ஆக்சிலரேட்டரை விட்டதும் இடது இழுப்புன்னா முதல்ல வலது பின் ஆர்மைப் பாருங்க.

இடது டிரம் பிரேக் பிடிச்சுக்கிட்டு இருந்தாலும் இடது இழுக்கும். ஆனா அது ஆக்சிலரேட்டரைப் பார்த்து வராது, எப்பவும் இருக்கும். ஓட்டி முடிச்சதும் ரெண்டு பின் டிரம் பக்கத்துலயும் கையைக் காட்டிப் பாருங்க, தொடாதீங்க. ஒண்ணுல மட்டும் அனல் அடிச்சா பிரேக் லைனர் ஒட்டியிருக்கு.

ஆர்ம் சோதனை: ஹேண்ட் பிரேக் போட்ட வண்டியை ஒருத்தர் முன்னும் பின்னும் குலுக்கட்டும். நீங்க கீழே குனிஞ்சு ஆர்ம் கீல் போல்ட்டையே பாருங்க. போல்ட்டுக்கும் ஆர்முக்கும் நடுவுல அசைவு கண்ணுக்குத் தெரிஞ்சா புஷ் போச்சு. அப்புறம் பின்பக்கத்தைத் தூக்கி சக்கரத்தை முன் விளிம்பு, பின் விளிம்புல பிடிச்சு ஆட்டுங்க. கீல் ஆடினா புஷ், கீல் ஆடாம சக்கரம் மட்டும் ஆடினா பேரிங்.

அதுக்குப் பிறகு நூல் பிடிக்கலாம். கொத்தனார் நூல் போதும். சமதரையில வண்டியை 3 மீட்டர் முன்னால உருட்டி நிறுத்துங்க, பின்னால தள்ளி நிறுத்தாதீங்க, ஆர்ம் தப்பான பக்கம் உட்காரும். ரெண்டு பக்கமும் பின் சக்கர மையத்தோட உயரத்துல முன்னிருந்து பின் வரை நூல் கட்டுங்க. ரெண்டு நூலுக்கும் இடைவெளி முன்னாலயும் பின்னாலயும் ஒரே அளவா இருக்கணும். தளத்துல இடது வலது சமமா உள்ள போல்ட் ஜோடி ஒண்ணைப் பிடிச்சு நடுப்படுத்துங்க. முன் சக்கரத்தைப் பார்த்து நடுப்படுத்தக் கூடாது, அதையும்தானே சோதிக்கறோம்.

நூலுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியை ரிம்மோட முன் விளிம்புல ஒண்ணு, பின் விளிம்புல ஒண்ணு அளங்க. ரெண்டும் சமமா இருந்தா சக்கரம் நேரா நிக்குது. முன் விளிம்பு நூலுக்குக் கிட்ட வந்தா வெளியே திறந்திருக்கு. ஒரு டிகிரி திறப்புன்னா முன் சக்கரம் வரைக்கும் போகும்போது 35 மி.மீ. விலகல், 2000 மி.மீ. வீல்பேஸுக்கு.

கடைசியா மூலைவிட்டம்: ஹேண்டிலை நேரா வைச்சு முன் அச்சு நடுவிலிருந்து இடது பின் சக்கர மையம் ஒண்ணு, வலது ஒண்ணு. வீல்பேஸ் 2000, பின் சக்கர இடைவெளி 1150 இருக்கிற வண்டில அது 2081 மி.மீ. சுத்தி வரும். உங்க வண்டிக்கு எண் மாறலாம். ரெண்டும் 5 மி.மீ.க்குள்ள சமமா இருக்காங்கறதுதான் கேள்வி.

தூக்குகுண்டு:

போர்க் வளைஞ்சிருக்கான்னு பார்க்க மூலைவிட்டம் மட்டும் போதாது, பக்கவாட்டுச் சாய்வு அதுல தெரியாது. ரசமட்டம் வைச்சுத் தரை சமமா இருக்கான்னு பாருங்க. ஹேண்டில் நேரா. முன் சக்கரத்துக்குப் பக்கத்துல மேலிருந்து நூல்ல நட்டு ஒண்ணைக் கட்டித் தொங்கவிட்டு, ரிம்மோட மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை அளங்க. ஒண்ணு ஒன்றரை மி.மீ. வித்தியாசம் பொருட்டில்லை. 3 மி.மீ.க்கு மேல போனா, லிங்க் புஷ்ல ஆட்டம் இல்லைன்னு உறுதி பண்ணிட்டு, போர்க்கை சந்தேகப்படலாம்.

வளைஞ்ச போர்க்கைக் கேஸ் வைச்சுக் காய்ச்சி நிமிர்த்தறதுக்கு மட்டும் சம்மதிக்காதீங்க. காய்ச்சின இடத்துல இரும்போட வலு போயிடும். அடுத்த பெரிய பள்ளத்துல அதே இடத்துல மடியும். அந்த ஒரே தண்டுதான் முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கு, மாற்று ஏற்பாடு எதுவும் கிடையாது. வளைஞ்சா மாத்தணும்.

இன்னொரு முக்கியமான இடம் கழுத்து. ஸ்டியரிங் குழாய் தளத்தோட சேர்ற வெல்டிங். கடலோர ஊர்ல ஓடுற வண்டிக்கு உப்புக்காத்து, மழைத்தண்ணி தேங்கறது எல்லாம் அங்கதான் வேலை செய்யும். கால்மிதியை எடுத்துட்டு, கம்பி பிரஷ் போட்டு, டார்ச் அடிச்சுப் பாருங்க. ஒருத்தர் ஹேண்டிலைப் பலமா முன்னும் பின்னும் ஆட்டணும், அந்தச் சமயத்துல வெல்டிங் கோட்டுல பெயிண்ட் வாய் திறந்து மூடுதான்னு பார்க்கணும். துருக்கோடு மெல்லிசா வழிஞ்சிருந்தாலும் சந்தேகம்தான்.

எஃப்.சி.க்குக் (வண்டித் தகுதிச் சான்றுக்கு) காட்டின கையோட பார்க்கறதா இருந்தா கூடுதல் கவனம். எஃப்.சி.க்காக அடிக்கிற புது பெயிண்ட் அந்த விரிசலை அழகா மூடிடும். பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி இந்தச் சோதனையைப் பண்றதுதான் முறை. எட்டு வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. வருது, வருஷத்துக்கு ஒருமுறை கழுத்தைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. விரிசல் இருந்தா வண்டியை ஓட்டாதீங்க, ஏத்திக்கிட்டுப் போங்க.

வைகைக்கரை:

எல்லாம் அளந்தாச்சு. கழுத்துல விரிசல் இல்லை. டயர் பக்கத்துக் கோடு சுத்திவர சரியா இருக்கு, அலைச்சல் 2 மி.மீ.க்குள்ள. முன் டயர்ல காத்து 42 இருந்தது, கையேட்டு அளவுக்கு இறக்கிட்டேன். பின் ரெண்டும் சமம். தூக்குநூல் வித்தியாசம் 1 மி.மீ. மூலைவிட்டம் இடது 2079, வலது 2082.

நூல்: இடது பின் சக்கரம் முன், பின் விளிம்பு சமம். வலது பின் சக்கரம் முன் விளிம்பு 3 மி.மீ. வெளியே, 210 மி.மீ. தூரத்துக்கு. வண்டியைக் குலுக்கினா வலது கீல்ல அசைவு தெரியுது. இடதுல இல்லை. டிரம் ரெண்டும் ஒரே சூடு.

நூல்மட்டம்:

அப்ப போர்க் நல்லா இருக்கு. மூலைவிட்டம் 3 மி.மீ.க்குள்ள, தூக்குநூல் 1 மி.மீ. இந்த எண்களை எழுதி வைச்சுக்குங்க, போர்க் மாத்தச் சொல்றவங்ககிட்ட காட்டலாம்.

210க்கு 3ன்னா 0.8 டிகிரி. முன் சக்கரம் வரைக்கும் கிட்டத்தட்ட 29 மி.மீ. விலகல். வண்டி நிக்கும்போதே இவ்வளவு. ஓடும்போது ஆக்சிலரேட்டர் குடுத்தா ஒரு கோணம், விட்டா இன்னொரு கோணம். நீங்க ஹேண்டில்ல திருத்தற பாதி, பின்பக்கம் பண்ற வேலைக்குப் பதில் சொல்றது.

வலது ஆர்ம் புஷ் முதல்ல. கழட்டினதும் ஆர்ம் கண்ணையும் போல்ட்டையும் பாருங்க. போல்ட்டுல படி விழுந்திருந்தா போல்ட்டும் புதுசு போடணும், பழைய போல்ட்டுல புதுப் புஷ் நிலைக்காது. ஆர்ம் கண் ஓவலாகியிருந்தா ஆர்மே போகணும். வாஷர் சொருகிக் கோணத்தைச் சரி பண்றேன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, தேய்ஞ்ச புஷ்ஷோட ஆட்டம் அப்படியே இருக்கும், நிக்கற கோணம் மட்டும் மாறும்.

அப்புறம் கோன் செட். இந்த வரிசையை மாத்தாதீங்க. கோனை முதல்ல போட்டா வண்டி இன்னும் ஆடுதேன்னு மறுபடி இறுக்கத் தோணும்.

கோன்செட்:

கோன் மாட்டி முடிச்சதும் ஒண்ணு விட்டுப்போகக் கூடாது, கேபிள். கிளட்ச், கியர், ஆக்சிலரேட்டர் எல்லாமே ஹேண்டில் வழியாத்தான் இறங்குது. வேலை முடிச்சுத் திரும்பக் கோர்க்கும்போது ஒரு கேபிள் குறுக்குவழியில போயிட்டா, அது ஸ்பிரிங் மாதிரி ஹேண்டிலை ஒரு பக்கம் தள்ளும். முன் சக்கரம் மேல இருக்கும்போது ஹேண்டிலை முழு இடது, முழு வலது கொண்டுபோய் விடுங்க. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தானா குதிச்சுத் திரும்பினா கேபிள் அல்லது வயர் கட்டு இறுகியிருக்கு. எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலைத் திருப்புங்க, சத்தம் ஏறினா ஆக்சிலரேட்டர் கேபிள் நீளம் பத்தலை. வளைவுல தானா வேகம் ஏறும், ஆபத்து.

ஹேண்டிலைத் தண்டோட பிடிக்கற போல்ட்டையும் பாருங்க. அது லூஸா இருந்தா கை திரும்பும், சக்கரம் கொஞ்சம் பொறுத்துத் திரும்பும். அதையும் கோன்னு நினைச்சு இறுக்கற பழக்கம் இருக்கு.

மெரினாஸ்டாண்டு:

நல்லாப் புரிஞ்சது. சவாரிக்கு ஓடுற இ-ரிக்‌ஷாவுக்கும் இதே முறை செல்லுமா? முன்னால மோட்டார் சைக்கிள் மாதிரி ரெண்டு கால் போர்க், அதுவும் வெட்டுது.

தூக்குகுண்டு:

பின்பக்க நூல் சோதனை அங்கயும் செல்லும், ஆனா நிறைய இ-ரிக்‌ஷாவுல பின்னால ஒரே முழு அச்சு. ஆர்ம் கிடையாது, பட்டை ஸ்பிரிங்கோட யு-போல்ட் லூஸாகி அச்சு மொத்தமா திரும்பிடும். மூலைவிட்டத்துல பளிச்சுன்னு தெரியும்.

முன்னால முன் சக்கர அச்சைக் கழட்டி, கையாலயே வெளியே இழுத்து மறுபடி தள்ளிப் பாருங்க. தடையில்லாம ரெண்டு காலுக்கும் நடுவுல போகணும். சுத்தியல் கேட்டா போர்க் கால் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முறுக்கிக்கிட்டு இருக்கு. மேல் கிளாம்ப் போல்ட்டுகளை லூஸ் பண்ணி, அச்சை மாட்டி, நேர்ப்படுத்தி மறுபடி இறுக்கிப் பாருங்க, அதுலயே சரியாயிடறது உண்டு. அச்சு சரியா இருந்தும் வெட்டினா கோன்தான். அந்த வண்டிகளோட வேகம் விதிப்படி மணிக்கு 25 கி.மீ.க்குள்ளதான், அதனால நடுக்கத்தைவிட அலைச்சலாத்தான் தெரியும்.

வைகைக்கரை:

வலது புஷ், போல்ட் ரெண்டும் வாங்கியாச்சு. போல்ட்டுல அரை மி.மீ. படி இருந்தது, ஆர்ம் கண் நல்லா வட்டமா இருக்கு. மாட்டறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. ஜாக்கில நிக்கும்போதே போல்ட்டை முழுசா இறுக்கிடலாமா?

நூல்மட்டம்:

கூடாது, கேட்டது நல்லதாப் போச்சு. உங்க புஷ் ரப்பர் ஒட்டின வகையா இருந்தா, ஆர்ம் தொங்கிக்கிட்டு இருக்கும்போது இறுக்கினா ரப்பர் அந்த நிலையில பிடிச்சுக்கும். வண்டியைத் தரையில இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழியும், அந்தப் பக்கம் கொஞ்சம் உயரமாவும் நிக்கும். ஜாக்கில நட்டைக் கையால மட்டும் திருப்பி வைங்க. வண்டியை இறக்கி, ஓட்டுநர் சீட்டுல ஒருத்தர், பின்னால ஒருத்தர் உட்கார்ந்து, ரெண்டு மூணு தடவை அமுக்கி விட்ட பிறகு இறுக்குங்க. கிரீஸ் நிப்பிள் உள்ள உலோகப் புஷ்ஷா இருந்தா இந்தக் கவலை இல்லை. பக்கத்துல கிரீஸ் பிதுங்கற வரைக்கும் கன் அடிச்சா போதும்.

மாட்டினதும் 3 மீட்டர் முன்னால உருட்டி மறுபடி நூல் பிடிங்க. வலது பக்கம் ஒரு மி.மீ.க்குள்ள வரணும். 3 மி.மீ. அப்படியே இருந்தா ஆர்ம் வளைஞ்சிருக்கு, கோனைத் தொடறதுக்கு முன்னாடி இங்க எழுதுங்க.

யாழ்_கராஜ்:

ஓட்டிப் பாக்கேக்கை வெறும் மைதானத்திலயோ ஆள் நடமாட்டம் இல்லாத றோட்டிலயோ பாருங்கோ. ரெண்டு கையும் ஹேண்டிலில இருக்கட்டும், பிடியை மட்டும் தளர்த்துங்கோ. கையை முழுக்க விட்டுப் பாக்கிற பழக்கம் வேண்டாம். முதல் 20, பிறகு 30, பிறகு 40. ஒவ்வொரு வேகத்திலயும் ஆக்சிலேற்றரை ஒருக்கா விட்டுப் பிடியுங்கோ. காலியா ஒருக்கா, ரெண்டு பேரோட ஒருக்கா. 500 கிலோமீற்றரில கோனைத் திரும்பப் பாக்கேக்கை ஆர்ம் போல்ட்டிலயும் ஒருக்கா ஸ்பேனர் வையுங்கோ.